பழைய கதை யார் வாயிலிருந்து வர வேண்டும்: பாளையங்கோட்டையில் ஒரு நாடக எழுத்து வகுப்பு

முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை நேரத்தில் நாடகம் எழுதச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஒன்று நடக்கிறது. மூன்று மாதம், கட்டணம் 3500 ரூபாய். நான் போய் முடித்துவிட்டேன் என்று கேள்விப்பட்டு, சேரலாமா வேண்டாமா என்று கேட்க ஆபீஸுக்கே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பத்திரப் பதிவுக்கு டோக்கன் போட்டுக் காத்திருக்கிறவர்கள் நடுவில் நின்று நாடகம் பேச முடியுமா? அதனால் ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் சுருக்கமாக. நடிக்கவோ, மேடை போடவோ, லைட் வைக்கவோ கற்றுக்கொள்ள நினைத்தால் இந்த வகுப்புக்குப் போக வேண்டாம். ஒரு குடும்பத்தின் பழைய சங்கதியை மேடையில் எந்த நேரத்தில், எவ்வளவு, யார் வாய் வழியாக வெளியே விடுவது என்ற ஒரே விஷயத்தைத்தான் மூன்று மாதமும் கிண்டிக் கிளறினார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. சிலர் அலுத்துப்போய்ப் பாதியில் நின்றுகொண்டார்கள். அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு ஏன் பிடித்தது என்பதற்கு என் தொழிலும் ஒரு காரணம். நான் ஒரு பத்திர எழுத்தரிடம் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். பாகப்பிரிவினை எழுத வருகிற குடும்பங்களின் பழசு முழுவதும் எங்கள் பெஞ்சில்தான் வெளியே வரும். ஆனால் யாரும் அதை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னதே இல்லை. "நாங்க மூணு பேரு" என்பார்கள். வாரிசுச் சான்றைப் பார்த்தால் நான்கு பெயர் இருக்கும். "இது யாரு?" என்று கேட்டதும் எல்லாரும் வாசலைப் பார்ப்பார்கள். அப்புறம் மூத்தவர், "அவள எழுதாண்டாம் யக்கா" என்பார். எழுதாமல் விட முடியாது, கையெழுத்து வேண்டும் என்று நான் சொல்வேன். உடனே இளையவர் மனைவி மெதுவாக, "கல்லிடைக்குறிச்சியிலதான் இருக்கா" என்று ஆரம்பிப்பாள். முப்பது வருஷத்துக் கதை அந்தக் கையெழுத்துக்காகத்தான் வெளியே வருகிறது. சும்மா உட்கார்ந்து கேட்டால் ஜென்மத்துக்கும் வராது.

வகுப்பில் முதல் நாளே சார் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். சார் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்தியவர், இப்போது ஓய்வில் இருக்கிறார். "வே, பாத்திரம் பழச பேசணும்னா அதுக்கு இப்போ ஒரு தேவை இருக்கணும். ஆடியன்ஸுக்குத் தெரியணுமேன்னு நீரு அது வாயில திணிக்கப்படாது." வயதில் மூத்தவர்களைக்கூட 'வே' என்றுதான் கூப்பிடுவார். பெண்களுக்கு 'தாயி'. வெளியூர்க்காரர்களுக்கு முதல் இரண்டு வாரம் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், பழகிவிடும்.

பாடம் நம்ம ஊர் மேடையிலிருந்துதான் தொடங்கியது. கூத்தில் ஒரு வேஷம் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும். கட்டியங்காரன், நீ யார், எந்த தேசம், யார் பிள்ளை என்று கேட்பான். வேஷம் தன் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் பாடியே சொல்லிவிடும். கேட்பதற்கென்றே ஓர் ஆளை மேடையில் வைத்திருக்கிறோம், அதில் ஒளிவுமறைவு இல்லை. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இதையே வேறு மாதிரி செய்தார்களாம்: திரை தூக்கியதும் இரண்டு வேலைக்காரர்கள் நாற்காலியைத் துடைத்துக்கொண்டே, "எஜமானுக்கு இது இரண்டாவது கல்யாணம் தெரியுமா?" என்று பேசிக்கொள்வார்கள். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான், ஆனால் கட்டியங்காரன் நேர்மையானவன், அந்தத் துடைப்பக்காரர்கள் நடிக்கிறார்கள் என்றார் சார். எனக்கு இந்தப் பேச்சு ரொம்பப் பிடித்தது. நம் டிவி தொடர்களில் "உங்க அப்பா செத்து இருபது வருஷம் ஆச்சு" என்று பிள்ளையிடமே அம்மா தகவல் சொல்வாளே, அது துடைப்பக்காரர்களின் பரம்பரை.

பல்கலைக்கழகத்துக்கே பெயர் கொடுத்த 'மனோன்மணீயம்' (1891) பற்றி ஒரு வகுப்பு இருந்தது. பாண்டியன் மதுரையை விட்டு நெல்லைக்கு வந்து கோட்டை கட்டுகிற கதை. ஊர்ப்பாசத்தில் வைத்த வகுப்பு போலிருக்கிறது. அந்த நாடகத்தில் ரகசியம் சுரங்கத்தில்தான் இருக்கிறது, குடும்பத்துக்குள் இல்லை. அதனால் நம் பாடத்துக்கு அது பெரிதாக ஒட்டவில்லை.

அப்புறம் நார்வே நாடகாசிரியர் இப்சன் வந்தார். வகுப்பின் உண்மையான சரக்கு இங்கேதான். 'பொம்மை வீடு' (1879) நாடகத்திலிருந்து ஒரே ஒரு காட்சி எடுத்தார்கள். நோரா என்ற பெண் கணவனின் வைத்தியத்துக்காக ரகசியமாகக் கடன் வாங்கியிருக்கிறாள். அந்தக் காலத்து நார்வேயில் கணவன் சம்மதம் இல்லாமல் மனைவி கடன் வாங்க முடியாது. அப்பா ஜாமீன் போட்டதாகக் காட்ட, அப்பாவின் கையெழுத்தை இவளே போட்டுவிட்டாள். கடன் கொடுத்த குரோக்ஸ்டாட் இதை வருஷக்கணக்காகப் பேசவில்லை. இப்போது நோராவின் கணவன் பேங்க் மேனேஜர் ஆகப்போகிறான், குரோக்ஸ்டாட்டின் வேலை அந்தப் பேங்கில், அது போகப்போகிறது. அதனால்தான் இன்றைக்கு வந்து கேட்கிறான்: உங்கள் அப்பா இறந்தது செப்டம்பர் 29, கையெழுத்துக்கு அவர் போட்டிருக்கும் தேதி அக்டோபர் 2, இது எப்படி?

நான் வகுப்பிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். எங்கள் தொழிலில் முதலில் பார்ப்பதே இதைத்தான், இறப்புச் சான்றின் தேதியையும் பத்திரத்தின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. சார் என்ன ஏது என்று கேட்டார், சொன்னேன். அன்றைக்குப் பாதி வகுப்பை நான்தான் எடுத்தேன் என்று சொல்லலாம்.

அடுத்து அவருடைய 'கோஸ்ட்ஸ்' (1881). இதற்கு மட்டும் ஒரு மாதம். இதை வாசித்த விதத்துக்காகவே 3500 ரூபாய் கொடுக்கலாம். ஒரு நோட்டில் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரிக்கச் சொன்னார். இடது பக்கம், குடும்பத்தில் நடந்தவை நடந்த வரிசையில். வலது பக்கம், அவை பார்க்கிறவர்களுக்குத் தெரியவரும் வரிசையில், தெரியவரும் காரணத்தோடு.

இடது பக்கம் எழுதுவது சுலபம். ஆல்விங் என்ற ராணுவக்காரனுக்கு ஹெலன் வாழ்க்கைப்படுகிறாள். ஒரு வருஷத்துக்குள் தாங்க முடியாமல் வீட்டைவிட்டுப் பாதிரியார் மாண்டர்ஸிடம் ஓடுகிறாள், அவர் கடமையைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார். மகன் ஆஸ்வால்ட் பிறக்கிறான். வேலைக்காரி யோஹன்னாவுக்கு எஜமானால் ஒரு பெண் குழந்தை, ரெஜினா. கொஞ்சம் பணத்தோடு யோஹன்னாவை எங்ஸ்ட்ராண்ட் என்ற தச்சனுக்குக் கட்டிவைக்கிறார்கள். வீட்டு நிலவரம் மகன் கண்ணில் படக்கூடாது என்று ஏழு வயதுகூட நிறையாத பிள்ளையைத் தாய் வெளியே அனுப்பிவிடுகிறாள். பிறகு கணவன் சாகிறான். இவ்வளவும் திரை தூக்குவதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே முடிந்துபோன சமாச்சாரம்.

வலது பக்கம்தான் பாடம். முதலில் நமக்குக் கிடைப்பது பொய்யான பழசு. எங்ஸ்ட்ராண்ட் வந்து ரெஜினாவை என் மகள் என்கிறான். ஆல்விங் நினைவாகக் கட்டிய அநாதை இல்லம் நாளைக்குத் திறக்கப்போகிறது என்று பேச்சு, அப்படியானால் மனுஷன் புண்ணியவான் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அப்புறம் ஆஸ்வால்ட் அப்பாவின் புகைக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு வருகிறான். பாதிரியார் ஒரு கணம் ஆல்விங்கே வந்துவிட்டதாக நினைக்கிறார். சின்ன வயதில் அப்பா என்னை மடியில் வைத்து இதை இழுக்க வைத்தார், எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, அவர் சிரித்தார் என்கிறான் மகன். நீ கனவு கண்டிருப்பாய் என்று பேச்சை மறைக்கிறாள் தாய். அவ்வளவுதான், புண்ணியவான் மேல் முதல் கீறல் விழுந்துவிட்டது. யாரும் ஆல்விங்கைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை.

உண்மை எப்போது வருகிறது? பாதிரியார் அவளைத் திட்டும்போது. நீ கணவனை விட்டு ஓடி வந்தவள்தானே, பிள்ளையையும் துரத்தியவள்தானே என்று அவர் பழசை எடுத்து அடிக்கிறார். அடி தாங்காமல் அவள் மிச்சப் பழசை எடுக்கிறாள்: அவர் திருந்தவே இல்லை, இந்த வீட்டிலேயே வேலைக்காரியிடம்... என்று சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறையில் நாற்காலி விழும் சத்தம், ரெஜினாவின் குரல். அப்பா செய்ததை மகன் செய்துகொண்டிருக்கிறான். அதுவும் யாரிடம், தன் தங்கையிடம், தெரியாமல். முதல் அங்கம் அங்கே முடிகிறது.

இரண்டாம் அங்கத்தில் எனக்கு நெஞ்சை அடைத்த இடம் வேறு. ஆஸ்வால்டுக்குப் பிறவியிலேயே வந்த நோய் என்று பாரிஸ் டாக்டர் சொல்கிறார், தகப்பன் பாவம் என்கிறார். இவன் அம்மா எழுதிய கடிதங்களைக் காட்டி, என் அப்பா அப்படிப்பட்டவர் இல்லை என்று சாதிக்கிறான். அப்படியானால் நோய் அவனாலேயே வந்ததுதான் என்று ஆகிவிடுகிறது. தன் வாழ்க்கையைத் தானே கெடுத்துக்கொண்டதாக நினைத்து உருகுகிறான். மகனைக் காப்பாற்ற அவள் எழுதிய பொய்தான் அவனைத் தின்றுகொண்டிருக்கிறது. இப்போது உண்மையைச் சொன்னால்தான் அவனுக்கு நிம்மதி. சொல்ல வாய் திறக்கிறாள், பாதிரியார் உள்ளே வருகிறார், அதோடு அநாதை இல்லத்தில் தீ. மூன்றாம் அங்கம் வரை சொல்ல முடியவில்லை. தீயை வைத்துத் தள்ளிப்போட்டது கொஞ்சம் சௌகரியமான உத்தி என்று வகுப்பில் ஒருத்தர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது, சாருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டடத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டாம் என்று பாதிரியார் முதல் அங்கத்திலேயே சொல்லிவைத்திருந்தார், ஊர்க்காரர்கள் நமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்பார்களாம். அதனால் தீ வானத்திலிருந்து குதிக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயம், கணக்குப் பார்க்கிறவள் என்பதால் என் கண்ணில் பட்டது. அநாதை இல்லத்துக்கு அவள் போட்ட பணம் எவ்வளவு? ஆல்விங்கை அந்தக் காலத்தில் 'நல்ல சம்பந்தம்' ஆக்கிய தொகை எவ்வளவோ அவ்வளவு, அணாப் பைசா சுத்தமாக. என்னை வாங்கின பணம் அது, அதில் ஒரு காசு என் மகனுக்குப் போகக்கூடாது என்கிறாள். ஒரு பெண்ணின் முழுக் கல்யாண வரலாறும் ஒரு நன்கொடைத் தொகைக்குள் இருக்கிறது. நம்ம பக்கம் எத்தனை கோயில் கல்வெட்டில் 'உபயம்' என்று போட்டிருக்கிறது. இதைப் படித்த பிறகு அவற்றைப் பார்க்கும்போது உள்ளே என்ன கணக்கோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லரின் 'ஆல் மை சன்ஸ்' (1947) ஒரே வாரம்தான் நடந்தது, இன்னும் ஒரு வாரம் கொடுத்திருக்கலாம். ஜோ கெல்லர் என்ற தொழிற்சாலைக்காரர் போர் விமானத்துக்கு விரிசல் விட்ட சிலிண்டர் ஹெட்களை அனுப்பி, 21 விமானிகள் சாகிறார்கள். அன்றைக்கு ஃப்ளூ காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தேன் என்று சொல்லி அவர் தப்பிக்கிறார், கூட்டாளி ஜெயிலுக்குப் போகிறார். கூட்டாளியின் மகன் ஜார்ஜ் கொதித்துப்போய் வருகிறான். கெல்லரின் மனைவி கேட், சின்ன வயதில் பார்த்த பிள்ளை என்று அவனைக் கொஞ்சி, குடிக்கக் கொடுத்து, சாப்பிட்டுவிட்டுப் போ என்று குளிர்த்தி விடுகிறாள். அவனும் இறங்கி வந்துவிட்டான். அந்த நேரத்தில் பெருமையாக ஒரு வார்த்தை விடுகிறாள்: அவர் பதினைந்து வருஷமாக ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. முடிந்தது. கோபத்தில் ஒருத்தரும் வெளியே கொண்டுவர முடியாததைப் பாசத்தில் ஒரு வாய் உளறிவிட்டது. இப்சனில் சண்டைதான் பழசை இழுக்கிறது, இங்கே சமாதானம் இழுக்கிறது. எங்கள் பெஞ்சிலும் இரண்டாவது வகைதான் அதிகம். காபி வாங்கிக்கொடுத்துச் சிரித்துப் பேசும்போதுதான், "நீ பிறந்தப்ப இந்த வீடே கிடையாதே" என்று ஒரு பெரியம்மா ஆரம்பிப்பார், பத்திரத்தில் வீடு கட்டிய வருஷம் வேறாக இருக்கும்.

தெரியாமல் அப்பாவைக் கொன்று அம்மாவையே கட்டிக்கொண்ட கிரேக்க நாடக ராஜா ஈடிபஸ் இல்லாமல் இந்த மாதிரி வகுப்பு நடக்காது, அதுவும் நடந்தது. அதிலும் இதே பாடம்தான். கொரிந்து நகரத் தூதன் ஈடிபஸின் பயத்தைப் போக்க வந்து, நீ பயப்படாதே, உன்னை வளர்த்தவர் உன்னைப் பெற்ற தகப்பனே இல்லை என்கிறான். நல்லது செய்ய வந்தவன் கதையையே கவிழ்த்துவிடுகிறான். அரிஸ்டாட்டிலும் இந்த இடத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். மனைவி யொகாஸ்டாவும் அப்படித்தான், குறி சொல்கிறவர்களை நம்பாதே என்று ஆறுதல் சொல்லப் போய், பழைய ராஜா மூன்று பாதை சேருமிடத்தில் கொலையானதைச் சொல்லிவிடுகிறாள். கேட்டவனுக்கு அந்த முச்சந்தி ஞாபகம் வருகிறது.

இந்த இடத்தில்தான் எனக்கும் சாருக்கும் நல்ல வாக்குவாதம். கிரேக்கத்தில் பார்க்க வந்தவர்களுக்கு ஈடிபஸ் கதை முன்னமே தெரியும் என்று அவரே சொன்னார். அப்படியானால் நம்ம வில்லுப்பாட்டை ஏன் பாடத்தில் வைக்கவில்லை என்று கேட்டேன். கோயில் கொடை விழாவில் பாட்டை நடத்துகிற அண்ணாவி சாமியின் பிறப்பிலிருந்துதான் தொடங்குவார், வம்சம் முழுக்கப் பாடுவார், சாவு எப்போது வரும் என்று எதிரே உட்கார்ந்திருக்கிற கிழவிக்கும் தெரியும், ஆனாலும் விடிய விடிய ஒருத்தரும் எழுந்து போவதில்லை. பழசை ஒளித்துவைத்தால்தான் நாடகம் என்று எவன் சொன்னான்? சார், "அது வழிபாடு தாயி, சங்கதி வேற" என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

முத்துப்பட்டன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றைக்கும் பட்டவராயன் என்ற பெயரில் அவனுக்குச் செருப்பைக் காணிக்கை வைக்கிறார்கள். பிராமணப் பிள்ளை ஒருவன் வாலப்பகடையின் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டி, செருப்புத் தைத்து, மாடுகளைக் காக்கப்போய் உயிரை விட்ட கதை. அந்தப் பெண்கள் யார் வயிற்றில் பிறந்தவர்கள் என்பதில் மட்டும் கதை இரண்டாகப் பிரிகிறது. கதையின் ஒரு வடிவத்தில் அவர்கள் சக்கிலியர் குலத்திலேயே பிறந்தவர்கள். இன்னொன்றில் அவர்களும் பிராமணக் குழந்தைகள்தான், வாலப்பகடை எடுத்து வளர்த்தார். பின்னால் வந்த இந்த மாற்றம் மேல்சாதிக்காரர்களின் மனம் கோணாமல் இருக்கச் செய்தது என்று நாட்டுப்புறக் கதைப்பாடல்களை ஆராய்ந்த நா. வானமாமலை காட்டியிருக்கிறார். பாருங்கள், ஒரு பாத்திரத்தின் பிறப்பை மாற்றினால் அவன் செய்த காரியத்தின் எடையே மாறிவிடுகிறது. பழசைச் சொல்கிறவனுக்கும் ஒரு தேவை இருக்கிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? இது பாடத்தில் இல்லை என்பது என் முதல் குறை, பெரிய குறை.

நியாயமாகச் சொன்னால், சிலப்பதிகாரத்தை அவர் விடவில்லை. கோவலன் யார் என்று நமக்கு அதுவரை என்ன தெரியும்? மாதவியிடம் சொத்தைத் தொலைத்தவன், பெண்டாட்டி சிலம்பை விற்கப் போகிறவன். மதுரைக்கு வெளியே, அவன் சாவதற்குக் கொஞ்சம் முன்னால், அடைக்கலக் காதையில் மாடலன் என்கிற மறையோன் வந்து நிற்கிறான். யானையிடம் சிக்கிய முதியவரைக் காப்பாற்றினாயே, கீரியைக் கொன்ற பழியால் கணவன் விட்டுப்போனவளுக்கு உதவினாயே, பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதம் தின்றபோது அவன் குடும்பத்தை வாழவைத்தாயே என்று அடுக்குகிறான். முதலிலேயே சொல்லியிருந்தால், பெரிய வீட்டுப் பிள்ளை தானம் செய்கிறான் என்று நாம் தாண்டிப் போயிருப்போம். இளங்கோ அதை எடுத்து வைத்திருந்து, கொலைக்களத்துக்குப் போகிறவன் தோளில் ஏற்றிவிடுகிறார். முற்பிறப்புக் கதையை அதற்கும் பின்னால், மதுரையில் தீப்பற்றிய பிறகு மதுராபதித் தெய்வத்தின் வாயால் சொல்கிறார். எனக்கு மாடலன் சொன்னதுதான் பிடிக்கும். மதுராபதி சொல்வது சமாதானம் மாதிரி இருக்கிறது.

எழுத்துப் பயிற்சி எப்படி என்று கேட்பீர்கள். ஒவ்வொருவரும் ஓரங்க நாடகம் ஒன்று எழுத வேண்டும், வாராவாரம் திருத்தி வர வேண்டும். என்னுடையதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. கூடப் படித்த ஒரு நர்ஸ் தங்கச்சியின் நாடகத்தைச் சொல்கிறேன், அவள் சம்மதத்தோடுதான். அம்பாசமுத்திரத்தில் பூர்வீக வீட்டை விற்கிறார்கள். தங்கைக்குப் பங்கு கிடையாது என்கிறான் அண்ணன். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்தது, ஆனால் அதற்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை. உனக்கு 1988-ல் கல்யாணம், இதோ பத்திரிகை என்று எடுத்துப் போடுகிறான். பத்திரிகை அடித்தது 1988, ஆனால் அன்றைக்குக் கல்யாணம் நடக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஏன் நின்றது என்பதை இரண்டு பேரும் சொல்ல மாட்டார்கள், அது செத்துப்போன அப்பா சம்பந்தப்பட்டது. பங்கு வேண்டுமென்றால் அவள் அதைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் அவள் எழுதிவந்தபோது ஒரு சித்தி வந்து ஒன்றரைப் பக்கத்துக்கு அப்பா கதையைக் கொட்டிவிட்டுப் போனார். சார் சித்தியைப் பிரதியிலிருந்தே அடித்துவிட்டார். அடுத்த வாரம் அண்ணன் மனைவி, அந்த வீட்டுக்கு வாழ வந்தவள், ஒன்றும் தெரியாமல், "அப்போ போட்ட பந்தல அப்பிடியே பிரிச்சாங்களாமே மதினி?" என்று கேட்கிறாள். அந்த ஒரு வரிக்கு வகுப்பே அடங்கிப்போனது. என் பங்குக்கு நான் ஒன்று சொன்னேன்: கதையை 2005-க்கு முன் வை. அந்த வருஷம் மத்திய சட்டம் திருத்தப்பட்டு, கல்யாணத் தேதிக் கணக்கே போய்விட்டது. 2003 என்று வைத்துக்கொண்டாள்.

இனி குறைகள். பத்து மணி என்றால் பத்தே முக்காலுக்குத்தான் ஆரம்பிக்கும். காட்சிகளை சாரே மொழிபெயர்த்து டைப் அடித்துத் தருகிறார், அருமையான தமிழ், ஆனால் ஜெராக்ஸில் ஓரத்து எழுத்து விழுவதே இல்லை, வயதானவர்கள் பாடு கஷ்டம். சித்திரை வெயிலில் அந்த மாடியில் உட்கார முடியாது, ஒரு ஃபேன் சுற்றும், இன்னொன்று சத்தம் மட்டும் போடும். கீழே டியூஷன் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது மேலே ஈடிபஸ் அழும்போதும் கேட்கும். கழிப்பறைத் தாழ்ப்பாளைச் சரிசெய்யச் சொல்லிப் பெண்கள் எல்லாரும் சொல்லியாயிற்று, இன்னும் செய்யவில்லை. பேசுகிற இரண்டு பேருக்கே நேரம் போய்விடும், வாய் திறக்காதவர்களின் பிரதியை சார் தானாகக் கேட்டு வாங்குவதில்லை. பாதியில் நின்றால் பணம் திரும்பாது. எழுதியதை நடிகர்களை வைத்து ஒரு தடவையாவது வாசித்துக் காட்டுவார்கள் என்று நினைத்தோம், அது இல்லை. எழுதியதை அடுத்தவர் வாயில் கேட்காமல் நாடக எழுத்து வகுப்பு என்பது அரை வகுப்புதான்.

யார் போகலாம்? சிறுகதையோ தொடரோ எழுதுகிறவர்களுக்கு நல்ல பயன் உண்டு, அந்தக் கோடு போட்ட நோட்டு ஒன்றே போதும். கல்லூரிப் பிள்ளைகள் போட்டிக்கு நாடகம் போட வேண்டுமென்றால் வேறு இடம் பார்க்கட்டும். கட்டணத்தை இரண்டு தவணையாகக் கேட்டால் வாங்கிக்கொள்கிறார்கள். டவுனிலிருந்து வருகிறவர்கள் ஜங்ஷன் வழியாகப் பாளை பஸ் ஏறி முருகன்குறிச்சியில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

அடுத்த பேட்ச் ஆடி கழித்து ஆரம்பிக்கிறது. ஆடியிலேயே ஆரம்பித்து, ஒரு ராத்திரி எல்லாரையும் கொடைக்குக் கூட்டிப்போய் வில்லுப்பாட்டைக் கேட்கவைத்து, மறுநாள் காலையில் அதற்கும் நோட்டில் கோடு போடச் சொல்லுங்கள் என்று கேட்டேன். இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றாகவே வரும்போது ஜனங்கள் எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அப்போது பேசலாமே. "பாப்போம் தாயி" என்றார் சார். ஃபேனுக்கும் அதையேதான் சொன்னார்.